‘மரத்தை ஓட்டையில் வை’: யார்க்‌ஷயர்ச் சொலவடைகளின் சரியான வடிவம் எது?

கரிசல்மகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. இப்போது இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், ஷிப்லி என்ற ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவருக்கு அடுத்த மாதம் தொண்ணூறு வயது நிறைகிறது. பதினைந்து வயதில் நூற்பாலைக்கு வேலைக்குப் போனவர். பேச்சு முழுக்க அந்தக் காலத்து வட்டார வழக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தேநீர்த் தட்டோடு அவர் அறைக்குள் நுழைந்தேன். இரண்டு கையிலும் பாரம் இருந்ததால் கதவைச் சாத்தவில்லை. அவர் ஏதோ சொன்னார். “புட் வுட் இன் ஆயில்” என்று என் காதில் விழுந்தது. கைக்குத் தடவும் எண்ணெய் கேட்கிறார் என்று நினைத்துப் புட்டியை எடுத்து நீட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைக் காட்டினார். கதவைச் சாத்து என்பதைத்தான் “மரத்தை ஓட்டையில் வை” என்று சொல்லியிருக்கிறார். மரம் என்றால் கதவு. ஓட்டை என்றால் வாசல்.

அன்றிலிருந்து அவர் சொல்லும் சொலவடைகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நாற்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் ஆளுக்கொரு வரி எழுதுகிறோம். என் பங்குக்கு அவருடைய சொலவடையையே எழுத ஆசை. இணையத்தில் தேடினால் மூன்று விதமாகக் கிடைக்கிறது: “புட் வுட் இன் ஹோல்”, “புட் த’வுட் இன் தோல்”, “புட் த’வுட் இன் த’ஆயில்”. இவற்றில் எது சரி?

நோட்டில் இருக்கும் வேறு மூன்றிலும் இதே சிக்கல். “அரைக் காசுத் தாருக்காகக் கப்பலைக் கெடுக்காதே” என்பதில் வருவது கப்பல் இல்லை, ஆடு என்கிறார்கள். “மே முடியும்வரை துணியைக் களையாதே” என்பதில் மே என்பது மாதமா, பூவா? “அழுக்கு இருக்கும் இடத்தில் பணம் இருக்கும்” என்பதில் பணத்துக்கு எந்தச் சொல் வர வேண்டும்? தப்பாக எழுதி அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

அம்மா, 34 ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். “புட் த வுட் இன் த ஹோல்” என்பதே சரி. மற்றவை உச்சரிப்புத் திரிபுகள். பேச்சில் ஒலிகள் தேயும். அந்தத் தேய்வை எழுத்தில் கொண்டுவந்தால் படிப்பவருக்குப் பொருள் புரியாது. உங்களுக்கே முதலில் எண்ணெய் என்றுதானே பட்டது? கப்பல் பழமொழியிலும் ஐயமே வேண்டாம். மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் இருக்கத் தார் பூசுவார்கள். அகராதிகளிலும் கப்பல் என்றுதான் இருக்கிறது. ஆட்டுக்கும் தாருக்கும் என்ன தொடர்பு?

ஏட்டுச்சுவடி

கரும்பலகை ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் கப்பல் விஷயத்தில் ஏடுகள் வேறு கதை சொல்கின்றன.

அச்சில் கிடைக்கும் பழைய வடிவங்களை வரிசையாகப் பார்ப்போம். 1623இல் வில்லியம் கேம்டனின் தொகுப்பில், அரைக் காசுத் தாருக்காக யாரும் ஒரு ‘ஹாக்’கை (பொதுவழக்கில் பன்றி) இழக்க மாட்டார்கள் என்று வருகிறது. 1631இல் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் பெயர்பெற்ற கேப்டன் ஜான் ஸ்மித், அரைக் காசுத் தாருக்குச் செலவழிப்பதைவிடப் பத்து ஆடுகளை இழக்கத் துணிபவர்களைப் பற்றி எழுதுகிறார். 1670இல் ஜான் ரே வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் மறுபடியும் ‘ஹாக்’. 1678ஆம் ஆண்டுப் பதிப்பில் ரே ஒரு குறிப்பும் சேர்க்கிறார்: சிலர் ஆடு என்றும் சொல்கிறார்கள், உண்மையில் பன்றியைவிட ஆட்டுக்குத்தான் தார் அதிகம் பயன்படுகிறது என்று. கப்பல் அச்சில் ஏறுவது 19ஆம் நூற்றாண்டில்தான்.

‘ஹாக்’ என்றவுடன் ரேவுக்குப் பன்றி நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் வடக்கு இங்கிலாந்தின் மேய்ப்பர்களுக்கு அந்தச் சொல், முதல்முறை மயிர் கத்தரிக்கப்படாத இளம் ஆட்டையும் குறிக்கும். இன்றும் அங்கே சந்தையில் அந்தப் பொருளில் புழங்குகிறது.

இன்னொன்று. பழைய வடிவங்களில் வரும் வினை ‘இழப்பது’. ஆடு செத்துப்போகும், இழப்போம். கப்பல் வந்த பிறகு ‘கெடுப்பது’ என்ற வினை ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் மாறியதும் பக்கத்துச் சொல் தானாக இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

கீதாரி

ஆட்டுக்கும் தாருக்கும் என்ன தொடர்பு என்று ஐயா கேட்டதால் எழுதுகிறேன். நான் கிடை போடும் குடும்பத்தில் பிறந்தவன்.

ஆட்டின் உடம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தால் போதும், ஈ மொய்க்கும். முட்டை வைத்தால் சீக்கிரமே புழு நெளியும். மயிர் அடர்ந்த ஆட்டில் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆடு மேய்ச்சலை விட்டுவிட்டு ஒதுங்கி நின்று வாலை உதறும், திரும்பித் திரும்பித் தன் விலாவைக் கடிக்கப் பார்க்கும். அப்போது பிடித்து மயிரை விலக்கினால் உள்ளே சதை வெந்ததுபோல் இருக்கும், நாற்றம் முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் பார்த்தால்தான் பிழைக்கும். நாங்கள் வேப்பெண்ணெய் ஊற்றுவோம். அந்த ஊர் மேய்ப்பர்கள் பைன் மரத்திலிருந்து எடுத்த தாரைப் பூசினார்கள். மயிர் கத்தரிக்கும்போது கத்தி பட்டுத் தோல் கிழிந்தாலும் அதே தார்தான். ஈயை அண்டவிடாது, காயத்தை மூடும்.

ஆகவே இந்தப் பழமொழி எங்களுக்குப் புதிதே இல்லை. அரைக் காசு மருந்துக்குக் கணக்குப் பார்த்து ஆட்டைப் பறிகொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கப்பல் என்று படித்தபோது வெறும் பழமொழியாக இருந்தது, ஆடு என்று படித்ததும் வயிற்றைப் பிசைகிறது.

தறியோசை

நான் பிராட்ஃபோர்டில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவன், ஷிப்லியில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தேன். கரிசல்மகள் சகோதரி, உங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்லி கடலோர ஊர் இல்லை. அது ‘ஷிப்’ அன்று, ‘ஷீப்’. ஆடு மேயும் காட்டுவெளி என்பது பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் பொருள். வடக்கே ரயிலில் போனால் வரும் ஸ்கிப்டனும் ஆட்டுப் பண்ணைதான். ஸ்காண்டினேவியர் வாயில் ‘ஷ’ என்பது ‘ஸ்க’ ஆகிவிட்டது. ஆடு கப்பலாக மாறுவது அந்த மண்ணில் ஆச்சரியமே இல்லை.

ஏட்டுச்சுவடி

தறியோசை தம்பி, ஊர்ப்பெயர் விளக்கம் சரி. ஆனால் அதையே சான்றாக வைத்துவிடக் கூடாது. இரண்டு சொற்கள் ஒட்டி ஊர்ப்பெயராகும்போது முதற்சொல்லின் நெடில் குறுகுவது ஆங்கிலத்தில் பொதுவாக நடப்பது. தனியாகப் பேசும்போதும் ஆட்டை ‘ஷிப்’ என்று குறுக்கிச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. சொன்னார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் பல வட்டாரங்களில் அப்படித்தான். ஷேக்ஸ்பியரே தன் நாடகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கப்பலையும் ஆட்டையும் வைத்துச் சிலேடை செய்திருக்கிறார். இரண்டும் காதில் நெருங்கி ஒலித்திருந்தால்தான் மேடையில் அந்தச் சிலேடை எடுபடும்.

நாட்டுப்புறத்தான் ‘ஷிப்’ என்று ஆட்டைச் சொன்னான். கேட்ட நகரத்தான் கப்பல் என்று எழுதிக்கொண்டான். கப்பலுக்கும் தார் பூசுவதால் தவறு யார் கண்ணிலும் படவில்லை.

கரும்பலகை

ஏட்டுச்சுவடி அவர்களே, 1623, 1631, 1670 என்று வரிசையாக வைத்த பிறகு மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகள் வகுப்பில் கப்பல் என்றே விளக்கியிருக்கிறேன். ஆட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘ஹோல்’ விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

முல்லைக்கொடி

இதைப் படிக்கும்போது நம் ஊர்ப் பழமொழிதான் நினைவுக்கு வந்தது. “சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்” என்பது தவறு, “சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்” என்பதே சரி. சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை வரும் என்று பொருள் என்கிறார்கள். ஆடு கப்பலான கதையும் இதுவும் ஒன்றுதானே?

ஏட்டுச்சுவடி

இல்லை அம்மா, வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஆட்டுக்கு ஆண்டு போட்ட அச்சுச் சான்று இருக்கிறது. பழைய வடிவம், திருத்திய பதிப்பு, இடையில் நடந்த மாற்றம் எல்லாம் கண்முன்னால் தெரிகின்றன. சஷ்டிக்கு அப்படி ஒரு பழைய ஏட்டை யாராவது காட்டட்டும், ஏற்றுக்கொள்கிறேன். சட்டியும் அகப்பையும் அடுப்படியில் ஒன்றாக இருப்பவை. அவற்றை வைத்தே பழமொழி நிறைவாகப் பொருள் தருகிறது. “உண்மையான வடிவம் வேறு” என்று யார் சொன்னாலும், எந்த ஆண்டு, எந்த ஊர், யார் வாயில் என்று கேட்டுவிடுவோம்.

லீட்ஸ்வாசி

மே மாதச் சொலவடைக்கு வருகிறேன். “நேர் காஸ்ட் எ க்ளவுட் டில் மே பீ அவுட்.” முதலில், இங்கே க்ளவுட் என்பது மேகம் இல்லை, துணி, ஆடை என்ற பொருளில் வழங்கும் பழஞ்சொல். குளிராடையைக் கழற்ற அவசரப்படாதே என்கிறது.

இங்கே என்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் மாதம் என்கிறார்கள். பாதிப் பேர் ‘மே’ என்பது ஹாதார்ன் என்ற முட்செடியின் வெள்ளைப் பூ, அது மலர்ந்த பிறகு ஆடையைக் குறைக்கலாம் என்கிறார்கள். அந்தப் பூவுக்கு மே என்றே பெயர் உண்டு. ‘அவுட்’ என்ற சொல்லும் பூ மலர்வதற்குப் பொருந்துகிறது. எனக்கும் பூதான் பிடித்திருக்கிறது. வேலியோரம் பனி விழுந்ததுபோல் அது பூத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஏட்டுச்சுவடி

எனக்கும் பூ பிடிக்கும். சான்று மாதத்தின் பக்கம்தான் நிற்கிறது. 1732இல் தாமஸ் ஃபுல்லர் என்ற மருத்துவர் தொகுத்த பழமொழிகளில் இது இருக்கிறது. அந்த வடிவத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஆனால் 1855இல் வந்த விட்பி வட்டாரச் சொல்லகராதியில் நான்கு வரிப் பாட்டாகவே கிடைக்கிறது. வடகாற்றும் கீழைக்காற்றும் மனிதனுக்கும் ஆகாது, விலங்குக்கும் ஆகாது. ஆகவே ‘மே மாதம்’ முடியும்வரை துணியைக் களைய நினைக்காதே. மாதம் என்ற சொல்லே அதில் வந்துவிடுகிறது. விட்பி யார்க்‌ஷயரின் கடற்கரை ஊர், கீழைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடம். ஆக, பாட்டியின் வட்டாரத்துக்கு மாதம்தான்.

1752இல் இங்கிலாந்து நாள்காட்டியைத் திருத்தி 11 நாட்களைத் தள்ளியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஃபுல்லர் காலத்து மே மாதக் கடைசி, நம் கணக்கில் ஜூன் 11. அதுவரை கம்பளியை விடாதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

கரிசல்மகள்

ஜூன் 11 என்பது இந்த ஊருக்குச் சரியாகவே இருக்கிறது. பாட்டி ஜூனிலும் கம்பளி மேற்சட்டையைக் கழற்றுவதில்லை.

லீட்ஸ்வாசி

சான்று இருப்பதால் மாதம் என்றே வைத்துக்கொள்கிறேன். அழுக்கும் பணமும் பற்றி யாராவது சொல்லுங்கள். நான் கேட்டதெல்லாம் “வேர் தேர்ஸ் மக், தேர்ஸ் பிராஸ்”.

தறியோசை

பிராஸ் என்றால் பித்தளை. வடக்கில் காசுக்கு அதுதான் பேச்சுச்சொல். ஆலைப் புகையில் ஊர் கறுத்தது, முதலாளி பணக்காரர் ஆனார் என்று பிராட்ஃபோர்டில் விளக்கம் கேட்டிருக்கிறேன். ஆனால் ரேயின் 1678 பதிப்பிலேயே “மக் அண்ட் மணி கோ டுகெதர்” என்று இருக்கிறது. ஆலைகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. அப்போது மக் என்றால் வயலுக்கு அடிக்கும் தொழு உரம். எருக்குழி பெரிதாக இருந்தால் விளைச்சல் பெரிது.

மக், மணி. மோனை எவ்வளவு அழகாக விழுகிறது பாருங்கள். பிராஸ் உள்ளே வந்ததும் மோனை போய்விட்டது. ஆனாலும் பிராஸ் என்று சொல்லும்போதுதான் அது யார்க்‌ஷயர்க்காரரின் வாய்ச்சொல் ஆகிறது. நோட்டில் இரண்டையும் எழுதி, பழையதற்குப் பக்கத்தில் ஆண்டு போட்டுவிடுங்கள் சகோதரி.

கரும்பலகை

ஹோலுக்கு வருவோம். ‘ஆயில்’ என்பது கொச்சை உச்சரிப்பு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஏட்டுச்சுவடி

கொச்சைக்கு ஒழுங்கு இருக்காது. இதற்கு இருக்கிறது, ஐயா.

மேற்கு யார்க்‌ஷயரின் பழைய பேச்சில் ‘ஹோல்’ என்பது ‘ஆயில்’. ‘கோல்’, அதாவது நிலக்கரி, ‘காயில்’. ‘கோட்’ என்ற மேலாடை ‘காயிட்’. நிலக்கரி கொட்டி வைக்கும் நிலவறைக்கு ‘காயில் ஆயில்’ என்றே பெயர். சொல்முதல் ஹகரம் விழுந்துவிடும். ஆனால் கல்லைக் குறிக்கும் ‘ஸ்டோன்’ அங்கே ‘ஸ்டாயின்’ ஆகாது, ‘ஸ்டூஅன்’ ஆகும். சாலை ‘ரூஅட்’ ஆகும். செந்தர ஆங்கிலத்தில் இந்தச் சொற்களிலெல்லாம் ஒரே ‘ஓ’ ஒலிதான். முற்காலத்தில் அவை வெவ்வேறு உயிர்கள்: ‘ஸ்டோன்’ பழைய ஆங்கில நெடில் ஆகாரத்திலிருந்து வந்தது, ‘ஹோல்’ குறில் ஒகரம் நீண்டு வந்தது. செந்தர மொழி அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது. பாட்டியின் வாய் அதை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதை எழுதி வைத்தவர் பாட்டியின் பக்கத்து ஊர்க்காரர். ஜோசப் ரைட், 1855இல் பிராட்ஃபோர்டுக்கு அருகே தாக்லியில் பிறந்தவர். ஷிப்லியை ஒட்டிய விண்ட்ஹில்லில் வளர்ந்தார். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை ஓட்டினார்.

தறியோசை

அடுத்து சால்டேரில் டைட்டஸ் சால்ட்டின் ஆலையில் டாஃபர் வேலை பார்த்தார். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு வெறும் பாபின்களை மாட்டும் வேலை. நம் மில்களிலும் டாஃபர் என்றே சொல்வோம். ஷிப்லியிலிருந்து சால்டேருக்கு நடந்தே போய்விடலாம். குறுக்கிட்டதற்கு மன்னியுங்கள் ஐயா, தொடருங்கள்.

ஏட்டுச்சுவடி

பதினைந்து வயதுவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு தானே கற்று, ஜெர்மனி போய்ப் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர் ஆனார். 1892இல் விண்ட்ஹில் பேச்சுக்கு ஒரு முழு இலக்கணமே எழுதினார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். கழுதை ஓட்டியபோது பேசிய பேச்சுக்கு இலக்கணம் உண்டு என்று அவர் காட்டியதை, கொச்சை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

லீட்ஸ்வாசி

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘த’ என்ற ஆங்கிலச் சொல் அங்கே குறுகுவது பற்றி ஒன்று. தொலைக்காட்சியில் யார்க்‌ஷயர்க்காரராக நடிப்பவர்கள் “ட்’வுட், ட்’மில்” என்று டகரத்தை அழுத்திச் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. தொண்டையில் மூச்சு ஒரு கணம் அடைபட்டு விடுபடும், அவ்வளவே. எழுத்தில் அதற்குக் குறி இல்லாததால் ஒரு டி எழுத்தும் மேற்கொற்றும் (’) போட்டு எழுதுகிறார்கள். ஹல் நகருக்குக் கிழக்கே ஹோல்டர்னெஸ் பகுதியில் அதுவும் இல்லாமல் முழுதாக விழுங்கிவிடுவார்கள். லங்காஷயரில் சில இடங்களில் ‘தோல்’ என்பதுபோல் காற்று உரசி வரும். நீங்கள் இணையத்தில் பார்த்த மூன்று வடிவங்களும் பிழைகள் இல்லை, மூன்று ஊர்கள்.

கரும்பலகை

அப்படியானால் பாட்டி எந்த ஊர் என்பதுதான் கேள்வி. இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அம்மா, அவரிடமே கேட்டுவிடுங்களேன்.

ஏட்டுச்சுவடி

கேட்கலாம், ஆனால் “ஹோலா, ஆயிலா” என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் மரியாதைக்காகச் செந்தர வடிவத்துக்கு மாறிவிடுவார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஆர்ட்டன் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் வட்டார வழக்குக் கணக்கெடுப்பு நடத்தினார். 1,300க்கும் மேற்பட்ட கேள்விகள். தேடும் சொல்லைக் கேட்பவர் தன் வாயால் சொல்லிவிடக் கூடாது. பொருளைக் காட்டியோ விவரித்தோ, இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். நீங்களும் சொல்லை வாயில் எடுக்காமல் வரவழையுங்கள்.

கரிசல்மகள்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் அவர் அறைக்குப் போனபோது கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு படுக்கை விரிப்பைச் சரிசெய்தேன். மூன்று நாளும் சொன்னார். ‘புட்’டுக்கும் ‘வுட்’டுக்கும் நடுவில் தகரம் இல்லை, லீட்ஸ்வாசி சொன்ன அந்த மூச்சுத் தடை மட்டும் இருந்தது. ‘இன்’ என்பதில் னகரமும் இல்லை, வெறும் ‘இ’. அடுத்து இன்னொரு தடை. பிறகு ‘ஆயில்’, தெளிவாக. அட்டையில் அப்படியே எழுதினேன். தடை வந்த இரண்டு இடத்திலும் ஊர் வழக்கப்படி மேற்கொற்றோடு டி போட்டேன்.

பிறந்தநாள் அன்று அவருடைய மகள் வந்திருந்தார். அட்டையைப் பார்த்தவர், நான் எழுத்துப்பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து, ஆயிலை ஹோல் என்று திருத்தப் பேனாவை எடுத்தார். பாட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரியை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது முறை வேகமாகப் படித்தார், கதவைச் சாத்தச் சொல்லும் அதே குரலில்.

பிறகு அவராகவே காயில் ஆயில் பற்றிப் பேச ஆரம்பித்தார். வீட்டு முன் நடைபாதையில் வட்டமான இரும்பு மூடி இருக்குமாம். வண்டிக்காரர் அதைத் திறந்து மூட்டையைக் கவிழ்த்தால் கரி சரிந்து நிலவறையில் விழும். ஒருநாள் சாவியைத் தொலைத்துவிட்டு, அண்ணன் இவரை அந்தத் துளை வழியே உள்ளே இறக்கிக் கதவைத் திறக்கச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் வெள்ளைக் கவுன். அம்மா அடித்த அடியை இன்னும் மறக்கவில்லை என்றார். மகள், இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கரும்பலகை ஐயா, அவர் பிறந்தது விண்ட்ஹில்லில், ரைட் வளர்ந்த அதே ஊரில். அந்தப் பெயரைச் சொன்னேன், தெரியாது என்றார். அட்டையைக் கதவின் உட்புறம், சாத்தினால் கட்டிலிலிருந்து தெரியும்படி ஒட்டச் சொன்னார். ஒட்டியிருக்கிறேன்.